சுன்னாகச் சந்தையில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறக்குறைய 10 கிலோமீற்றர் சென்றாற் சுன்னாகம் வரும். சுற்றியுள்ள செம்மண் ஊர்களின் விளைச்சல் வந்து குவியும் சந்தை அங்கேதான் உள்ளது. வாழைக்குலைகளும் வெங்காயப் பிடிகளும் கத்தரிக்காய்க் குவியல்களும் காலையிலேயே கண்ணை நிறைக்கும்.

சென்ற விடுமுறையில் எமது பழைய கணித ஆசிரியருடன் நாம் அங்கே சென்றோம். இளைப்பாறிய அவருக்கு வயது 78. வீட்டில் அவரும் மனைவியாருமே உளர், ஓய்வூதியமே வருமானம். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டிற்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. பின்னர் அவ்வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆதலால் அவருக்குச் சிக்கனம் என்பது அன்றாடப் பாடமாகிவிட்டது.

சந்தைக்குள் நுழைந்ததும் நாம் பணப்பையைத் திறந்தோம். அவர் தடுத்தார்.

"தம்பி, முதற் சுற்றுக் கண்ணுக்கு, இரண்டாஞ் சுற்றுத்தான் காசுக்கு."

ஒரு முறை முழுவதும் நடந்து பார்த்த பின்னரே, ஒரே வெங்காயம் மூன்று இடங்களில் மூன்று விலையில் இருப்பது எமக்குப் புலனாயிற்று.

சீப்பாக வாங்குவதிலும் குலையாக வாங்குவது மலிவு என்று கண்டு, நாம் ஒரு வாழைக்குலையைச் சுட்டினோம். அவர் நகைத்தார். "நாங்கள் இரண்டு பேர். நாலாம் நாள் மிச்சம் மாட்டுக்குத்தான் போகும். உண்ணாத பண்டம் எந்த விலைக்கும் மலிவில்லை" என்றார். ஆனால் வெங்காயத்தை நிறையவே வாங்கினார். நன்கு காய்ந்த பிடிகளைத் தேர்ந்து, வியாபாரியுடன் நெடுநேரம் பேரம் பேசினார். அடுக்களையிற் கட்டித் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் இருக்குமன்றோ!

ஊக்கங்கொண்ட நாமும், வாயிலோரம் சாக்கு விரித்துக் கீரை விற்ற மூதாட்டி ஒருவருடன் பேரம் பேசி, 20 ரூபா குறைத்தோம். "சரி தம்பி, கொண்டு போங்கோ" என்று அவர் கீரையை நீட்டினார். வெற்றியுடன் ஆசிரியரை நோக்கினோம். அவர் முகம் வாடியிருந்தது.

சிறிது தூரம் நடந்தபின் மெல்லச் சொன்னார்: "பட்டினத்துப் பெரிய கடைகளில் ஒட்டியிருக்கிற விலையை வாய் திறவாமற் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த ஆச்சியிடம் மட்டும் கணக்குப் பார்க்கிறோம். எனக்காவது மாதம் முடிய ஓய்வூதியம் வரும். ஆச்சிக்கு இந்தச் சாக்குத்தான்."

எமக்கு நாணம் மேலிட்டது. திரும்பிச் சென்று, இன்னொரு பிடிக் கீரையைச் சொன்ன விலைக்கே வாங்கினோம். மூதாட்டி காரணம் கேட்கவில்லை. ஒரு சிறு கொத்தை மேலதிகமாக வைத்துத் தந்தார்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் அமர்ந்தபடியே ஆசிரியர் சிறு கொப்பி ஒன்றில் அன்றைய செலவைச் சதந்தவறாது எழுதினார். பஸ் கட்டணத்தையும் சேர்த்தே கூட்டினார். அதனையும் கழித்த பின் எஞ்சுவதே உண்மையான மிச்சம் என்பது அவர் கணக்கு.

விலையறிந்து வாங்குதல், வேண்டிய அளவே வாங்குதல், வாங்கியதைப் பேணுதல்: இவை மூன்றும் சிக்கனம். எளியவர் கூலியிற் பிடித்து வைப்பது சிக்கனமாகாது. கணிதம் கற்பித்தவரிடம் அன்று நாம் கற்ற கணக்கு இதுவே.