மூடிய டிக்கிக்குள் எரிந்த பல்பு

வெள்ளிக்கிழமை மாலை ஷெட்டில் விட்டால் திங்கட்கிழமை காலை செல்ஃப் எடுக்காது. வாங்கி ஓராண்டுகூட ஆகாத கார். சர்வீஸ் சென்டர் முதல் முறை பேட்டரியை மாற்றித் தந்தது. அதுவும் படுத்துவிட, அடுத்ததைக் கைக்காசு போட்டு வாங்கச் சொன்னது. மூன்றாம் முறை போனபோது, “வெளிக்கடையில் ரிவர்ஸ் கேமரா மாட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்று எழுதியே கொடுத்துவிட்டது. 2017இல் திருநெல்வேலி நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நான் நடத்திய வழக்கு இந்தத் தாளிலிருந்துதான் தொடங்கியது.

கட்சிக்காரர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. என்னிடம் வருவதற்கு முன்பே வீட்டு வாசலில் வைத்துப் பழுதைக் கண்டுபிடித்திருந்தார். “வயர் மேல கை வைக்கல சார், மீட்டர் மட்டுந்தான் வச்சேன்” என்று ஒரு கோடு போட்ட நோட்டை நீட்டினார். அதன் முதல் பக்கம்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட். அப்படியானால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. முழுச் சார்ஜில், வண்டி நிற்கையில் 12.6. அப்படியானால் பேட்டரியும் நல்லதுதான். நல்ல பேட்டரி நின்ற இடத்தில் காலியாகிறது என்றால், சாவியை எடுத்த பிறகும் எதுவோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது.

அடுத்த பக்கத்தில் அதைத் தேடிய விதம். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறார். உள்ளே ஃபியூஸ் பெட்டியை எட்ட வேண்டுமே, கதவைத் திறந்தால் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் திறந்த கதவின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு சாத்தியிருப்பதாகவே காரை நம்ப வைத்துவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சாவியை எடுத்ததும் காரின் கணினிகள் உடனே தூங்கிவிடுவதில்லை. அவசரப்பட்டுப் பார்த்தால் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். காத்திருந்த பிறகும் 0.44 ஆம்பியர் நின்றது. இத்தகைய காருக்கு 0.05க்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனதில், உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் எண் 0.02க்கு விழுந்தது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த ஃபியூஸ் வழியாக நாலைந்து கருவிகளுக்கு மின்சாரம் போகிறது. எது குற்றவாளி என்று அது சொல்லாது. அண்ணாச்சி போனில் வீடியோவை ஓடவிட்டு, அதை டிக்கிக்குள் வைத்து மூடினார். மூடிய பிறகும் டிக்கி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து வாட் பல்பு, சுமார் 0.42 ஆம்பியர். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-அவர். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. கணக்கை ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்தார்.

பல்பைக் கழற்றி ஒரு காகித உறைக்குள் போட்டதோடு அவர் வேலை முடிந்தது. பேட்டரி இறங்குவது நின்றுவிட்டது. பூட்டோடு இருக்கும் சுவிட்சை லேசாக வளைத்திருந்தால் விளக்கும் சரியாக எரிந்திருக்கும். அது தெரிந்தும் அவர் தொடவில்லை. அவருடைய திறமையைவிட இந்த அடக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எதிர்தரப்பின் வாதம் முழுக்க, கேமரா வயரை டிக்கி மூடி வழியாக இழுத்தவர்கள் பூட்டைக் குலைத்துவிட்டார்கள் என்பதுதான். அண்ணாச்சி அங்கே ஸ்பேனர் வைத்திருந்தால் எங்களிடம் மறுமொழியே இருந்திருக்காது.

வீடியோவுக்கு சாட்சியச் சட்டம் 65-பி சான்றிதழ் இணைத்து சிடியாகவும் கொடுத்தோம், அசல் போனையும் முன்னிலைப்படுத்தினோம். நுகர்வோர் மன்றத்தை சாட்சியச் சட்டம் அப்படியே கட்டுப்படுத்தாது என்றாலும், மின்னணுப் பதிவின் நகலுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இதில் நான் அசட்டையாக இருப்பதில்லை. (இப்போது 65-பியின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவு, சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும், ஒரு வல்லுநர் நிரப்பும் பகுதியும் வேண்டும். வீட்டில் எடுத்த வீடியோவை நம்பி வழக்குப் போடுகிறவர்கள் போனை மாற்றுவதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.)

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(1)(சி) பிரிவில் ஆய்வு கோரினோம். இன்றைய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 38(2)(சி). மன்றம் பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் விரிவுரையாளர் ஒருவரை வல்லுநராக நியமித்தது. மன்ற வளாகத்திலேயே, இரு தரப்பு வக்கீல்களும் சுற்றி நிற்க, உறையிலிருந்த பல்பை மாட்டி டிக்கியை மூடினார். மீட்டரில் 0.43. கேமராவின் இணைப்பைப் பிடுங்கினார். அதே 0.43. அது ரிவர்ஸ் விளக்கு வயரிலிருந்து எடுத்த இணைப்பு. சாவி போட்டு ரிவர்ஸ் கியர் விழுந்தாலொழிய அதில் மின்சாரமே வராது. பிறகு பூட்டின் போல்ட்டுகளைக் காட்டினார். தொழிற்சாலையில் முடுக்கியபின் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, ஒரு இழைகூட விலகாமல் நேராக இருந்தது. எதிர்தரப்பு வக்கீலும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பூட்டு யாராலும் கழற்றப்படவில்லை. உள்ளே நாக்கு சுவிட்சை முழுதாக அழுத்தாமல் நின்றது.

வெளியே வாங்கிய உபகரணத்தால்தான் பழுது என்று சொல்லி வாரண்டியை மறுத்தவரே அதைக் காட்ட வேண்டும் என்ற எங்கள் வாதத்தை மன்றம் ஏற்றது. பூட்டை இலவசமாக மாற்றவும், பேட்டரி விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை கொடுக்கவும் உத்தரவானது. எதிர்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. கெடு முடிவதற்குள் பூட்டை மாற்றிக்கொடுத்து, பணத்தையும் கட்டிவிட்டது.