மாடத்தில் இருந்த மாத்திரைகள்

திருப்போரூர் கந்தசுவாமி கோயிலிலிருந்து நான்கு தெரு தள்ளி அம்மாவின் வீடு. நாங்கள் இருவரும் பிழைப்பின் பொருட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்ககம் ஒன்றில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆயினும் மாதம் ஒருமுறை சென்று திரும்புவதே எங்களுக்குப் பெரும்பாடு.

சென்ற ஆண்டு ஒரு கிருத்திகையன்று போனபோது, மாடத்தில் விபூதிக் கிண்ணத்தின் அருகே மாத்திரை அட்டைகளைக் கண்டோம். "பிரஷருக்கு. அந்தப் பொண்ணு மாசாமாசம் கொண்டாந்து குடுக்குது" என்றார் அம்மா, பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. எட்டு மாதமாக உட்கொள்கிறாராம். எங்களுக்குத் தெரியாது.

விசாரித்தோம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர் ஒருவர் வீடுவீடாக வந்திருக்கிறார். அம்மாவின் இரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மருத்துவர் பார்த்த பின் மாத்திரை வீட்டுக்கே வரத் தொடங்கிற்று. பத்தாண்டுகளாக அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீட்டுத் தவணை கட்டி வருகிறவர்கள் நாங்கள். அம்மா மருத்துவமனையில் படுத்தால்தான் அந்தக் காப்பீடு கண் திறக்கும். பக்கவாதம் வந்த பிறகு பணம் தரும் ஏற்பாட்டைக் கடமை என்று நம்பியிருந்தோம். அது வராமல் காத்தவரோ வேறொருவர். அன்று திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகே இதைப் பற்றி வாசிக்கலானோம். 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகள் கூடி, மக்கள் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இயன்றவரை அருகில் மருத்துவம் செல்லவேண்டும் என்று அறிவித்தன. 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்பது இலக்கு. இந்தியாவின் 1983-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை அந்த இலக்கை அப்படியே ஏற்றது.

ஆனால் அறிவிப்பின் மை காயுமுன்னரே, 1979-இல், இத்தனை பெரிய கனவுக்குப் பணம் இல்லை, எளிதில் தடுக்கக்கூடிய சில நோய்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம் என்ற வாதம் மேலைநாட்டு அறிஞர்களிடமிருந்து எழுந்தது. கொள்கை ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் ஆயிற்று. தடுப்பூசி, குடும்ப நலம், பிரசவம் என்று தனித்தனித் திட்டங்கள் வந்தன. அவற்றால் பிழைத்த குழந்தைகள் எத்தனையோ பேர்; அதைக் குறைத்துச் சொல்வது நன்றி மறத்தல். எனினும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேடுகளில் தாய்க்கும் சேய்க்கும் இருந்த இடம், பிள்ளைகள் வெளியேறிய வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு நெடுங்காலம் இல்லை.

இதை வெளியிலிருந்து வந்த கருத்து என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. 1946-இல் போர் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துக் குணப்படுத்துவதற்கு நிகராக வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித்துறை இங்கே 1922 முதல் இருக்கிறது. தனிச்சட்டம் 1939-இல் வந்தது. அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்கி வழங்கவென்றே 1994-இல் ஒரு கழகம் உருவாயிற்று. இவையெல்லாம் முன்பே இருந்ததால்தான், 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் எங்கள் அம்மாவின் மாடம்வரை வந்து சேர முடிந்தது என்று தோன்றுகிறது. வெறும் அறிவிப்பு நடந்து வராது. அதற்குக் கிடங்கும் பதிவேடும் வெயிலில் நடக்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆளைப் பிறகு ஒருநாள் பார்த்தோம். தோளில் பை, கையில் குறிப்பேடு. அரசு ஊழியர் அல்லர். தன்னார்வலர் என்று பெயர், ஊக்கத்தொகை என்று ஊதியம். அவர் நின்றுபோனால் மாத்திரையும் நின்றுபோகும் என்பது எங்களை அச்சுறுத்துகிறது. இத்தனை உலக மாநாடுகளின் பாரமும் கடைசியில் அவர் தோளில்தான் இறங்குகிறது. 2018-இல் அஸ்தானாவில் மீண்டும் கூடிய நாடுகள் பழைய உறுதிமொழியைப் புதுப்பித்தன. அவருடைய பணியை நிலையானதாக்குவதே அந்த உறுதிமொழியின் பொருளாக இருக்க முடியும்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். அவர் அழுத்தம் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, இரவில் தூக்கம் வருகிறதா, யாராவது வந்து பார்க்கிறார்களா என்று விசாரித்தார்.

"இதோ வந்திருக்காங்களே" என்று எங்களைக் காட்டினார் அம்மா.

இப்போது வாரம் ஒருமுறை போகிறோம்.