மணியும் பனியன் துணியும்

எங்கள் நாய்க்குட்டி மணிக்கு நான்கு மாதம் நிரம்பியதும் கதவுநிலை, கட்டில்கால், செருப்பு எல்லாம் அவன் பல்லுக்கு இரையாயின. அதட்டினோம், கட்டிப்போட்டோம், பயனில்லை. கடித்துக்கொள்ளட்டும் என்று பனியன் வேஸ்ட் துணியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். அதுவே வினையாயிற்று! அம்மா பிசிறு வெட்டக் கொண்டுவந்த மூட்டையில் பன்னிரண்டு பனியன்கள் கந்தலாயின. அந்த வாரக் கூலியில் பணம் பிடித்துவிட்டார்கள். "நாளைக்கே இதை நொய்யல் கரையில விட்டுப்போட்டு வாறேன்" என்றார் அப்பா. நாங்கள் அழுதோம்.

கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் விளக்கினார்: குட்டிக்குப் பால்பற்கள் 28, அவை விழுந்து, ஆறேழு மாதத்திற்குள் 42 பற்கள் முளைக்கும். ஈறு தினவெடுப்பதால்தான் கடிக்கிறது. கழிவுத் துணி எது, கம்பெனித் துணி எது என்று அதற்குத் தெரியுமா? துணியை விழுங்கினால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாம்!

அன்றே மூட்டை பரணேறியது. கதவுநிலையில் வேப்பிலை அரைத்துப் பூசினோம். பெரிய ரப்பர் பந்து கொடுத்தோம். அதைக் கடித்தபோது தட்டிக்கொடுத்தோம். காலை மாலை நடத்திச் சென்றோம். சேட்டை மெல்லக் குறைந்தது.

தண்டிப்பதைவிடத் தவறு நேராமல் காப்பதே மேல் என்று புனித தொன் போஸ்கோ 1877-இல் எழுதினார். பிள்ளைகளுக்காகச் சொன்னது எங்கள் மணிக்கும் பொருந்தியதன்றோ! இப்போது வேலை முடிந்து வரும் அப்பா, முதலில் தேடுவது அவனைத்தான்.