சட்டமாக முதல்

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தன். பின்னேரத் தேத்தண்ணியோட அம்மா கேட்டா, "அரசறிவியல்தானே படிக்கிறாய், எம்.பி.மாருக்கு உண்மையில என்ன பிள்ளை வேலை?"

நான் வாய் திறக்க முதல் பக்கத்து வீட்டு மாமி சொன்னா, "ரோட்டுப் போடுறது, லைட் போடுறது, வேலைக்குக் கடிதம் குடுக்கிறது."

நான் பாடப்புத்தகத்தை ஒப்புவித்தேன். 225 பேர். 196 பேரை நாங்கள் தெரிவுசெய்கிறோம், 29 பேர் தேசியப் பட்டியல். சட்டம் இயற்றுவதும் பொதுப் பணத்தைக் கண்காணிப்பதும்தான் அவர்களின் வேலை.

"சரி, சட்டம் போடேக்க எங்களிட்ட ஆர் கேட்டது?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. 2024 ஜனவரி 24 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்று நிறைவேறியது. அன்றிரவு கோபமாக ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். ஆனால் அந்தச் சட்டமூலம் 2023 செப்டெம்பரிலேயே வர்த்தமானியில் வந்துவிட்டது. தமிழிலும்தான். நான் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

வாசித்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பல பிரிவுகளைத் திருத்தாவிட்டால் சாதாரண பெரும்பான்மை போதாது என்று நீதிமன்றம் சொன்னது. எங்கள் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரைப்படி எந்தப் பிரசையும் அப்படி மனுச் செய்யலாம். ஆனால் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த பிறகு கிடைப்பது கொஞ்ச நாட்கள்தான். சபாநாயகர் சான்றுரைத்து அது சட்டமான பிறகு, செல்லாது என்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. என்னுடைய ஸ்டேட்டஸ் கதவு பூட்டுகிற நேரத்தில் வந்தது.

இதையெல்லாம் மாமிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப கேக்காதது அவை மட்டுமில்ல, நாங்களும் பாக்கேல்ல," என்றா.

இப்ப கம்பஸில் நாங்கள் நாலு பேர் கிழமைக்கு ஒருநாள் கன்டீனில் இருந்து ஒரு சட்டமூலம் வாசிக்கிறோம். தமிழ்தான், ஆனாலும் கல்லுக் கடிக்கிற மாதிரித் தமிழ். ஒரு பிரிவை வீட்டில பேசுற தமிழில் எழுதவே சில நேரம் ஒரு மணித்தியாலம் போகும். எழுதியதை ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாசித்துக் காட்ட வேணும் என்பது திட்டம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் பிரசையாக இருக்கிறதை விட இது பரவாயில்லை.

நேற்று அம்மா கோல் எடுத்தா. மாமி சொல்லிவிட்டிருக்கிறா: "அடுத்தது வந்தா எனக்கும் ஒரு கொப்பி அடிச்சுக்கொண்டு வரச் சொல்லு. கண்ணாடி மாத்திட்டன்."