கடைசி இருபதடி

சித்திரையும் வைகாசியும் சின்னசேலத்தில் மொட்டை மாடிக்கான மாதங்கள். வீட்டுக்குள் படுத்தால் வெந்துவிடுவோம். வைகாசி பிறக்கும் சமயத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் அண்ணாந்து பார்த்தால், உச்சியிலிருந்து சற்றே தெற்கில் கன்னி ராசி நிற்கும். சித்திரை நட்சத்திரம் மின்னுகிற ராசி. அதற்குள்தான் மெசியே 61 என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. நடுவில் பட்டை, பட்டையைச் சுற்றி விரியும் சுருள் கைகள். நம் பால்வீதியும் ஏறத்தாழ இதே சாயல்தான். தூரம் ஐந்து கோடி ஒளியாண்டுக்கு மேல்.

1779 மே 5ஆம் தேதி அதை முதலில் கண்டவர் இத்தாலியின் ஒரியானி. அதே இரவில் பாரிஸில் பார்த்த மெசியே, வால்நட்சத்திரம் என்று நினைத்துச் சில நாள் பின்தொடர்ந்தார். பெயர் என்னவோ அவருக்குத்தான் போயிற்று!

அங்கே புது நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கின்றன. அவற்றில் பெருத்தவை எரிபொருளை வாரி இறைத்து, சில கோடி ஆண்டுக்கு மேல் தாங்காமல் வெடிக்கின்றன. 1926 முதல் 2020 வரை எட்டு சூப்பர்நோவா வெடிப்புகளை அங்கே கண்டிருக்கிறார்கள். பால்வீதிக்குள் மனிதர் வெறுங்கண்ணால் கண்ட கடைசி வெடிப்பு 1604இல். நமக்கு வாய்த்த மண்டலம் கொஞ்சம் கஞ்சம்தான்.

எட்டாவது வெடிப்பு, நாமெல்லாம் ஊரடங்கில் முடங்கிக் கிடந்த 2020 மே 6 அன்று கலிஃபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கியில் தென்பட்டது. பெயர் எஸ்என் 2020ஜேஎஃப்ஓ. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இமாலயன் சந்திரா தொலைநோக்கியின் துணையோடு அதை ஆராய்ந்தார்கள். அந்தத் தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்தபடியே இயக்கலாம். இத்தகைய வெடிப்புகளின் வெளிச்சம் நூறு நாள் அளவுக்கு மங்காமல் நிற்பது வழக்கம். இது 65 நாளுக்குள் சரிந்துவிட்டது. சூரியனைப்போலச் சுமார் 12 மடங்கு நிறையோடு பிறந்த நட்சத்திரம், சாவதற்கு முன்பே தன் மேலுறையில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டது என்பது அவர்கள் கணிப்பு.

அந்தத் தொலைநோக்கிக்கு வான் இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் வைத்தது பொருத்தம். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் போட்ட கணக்குதான் இந்த வெடிப்புக்கும் அடிப்படை. இரும்பாகிவிட்ட நடுக்கரு ஏறத்தாழ 1.4 சூரிய நிறையைத் தாண்டினால் தன் எடையைத் தானே தாங்காது. ஒரு நொடிக்குள் இடிந்து விழும்.

அந்த வெடிப்பின் ஒளி புறப்பட்டபோது இமயமலை எழும்பத் தொடங்கியிருந்த காலம். ஹான்லே மலையும் இல்லை, பார்க்க மனிதனும் இல்லை. ஆனால் கல்வராயன் மலையின் பாறைகள் அப்போதே கிழடு. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. தொலைதூர ஒளியைப் ‘பழமை’ என்று வியக்கிறவர்கள் எங்கள் ஊர் மலையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

என் ஆதங்கம் வேறு. ஐந்து கோடி ஆண்டு தடையில்லாமல் வந்த ஒளி, கடைசி இருபதடியில் தெருவிளக்கிடம் தோற்கிறது. மெசியே 61ஐப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நல்ல இருட்டில் நாலங்குலத் தொலைநோக்கியிலேயே மங்கலான திட்டாகத் தெரியும். ஊருக்குள்ளோ விளக்குகள் வானத்தையும் சேர்த்து வெளுக்கின்றன. விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டில் பாம்பை மிதிக்க யாருக்கும் ஆசையில்லை. ஆனால் மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சத்தால் நடந்து போகிறவருக்கு என்ன லாபம்? அதற்கும் சேர்த்து மின்கட்டணம் மட்டும் ஏறுகிறது.

ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். கல்வராயனில் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் புதிதாக விளக்கு போடும்போது, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி வைத்துப் போடச் சொல்லி அடுத்த கிராம சபையில் ஒரு மனு கொடுங்கள்.