தேவிகுளத்துக் குளிரில் இரண்டு நாயனம்

போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகத் தேவிகுளம் போய்ச் சேர்ந்தபோது, எஸ்டேட் மாரியம்மன் கோயில் வாசலில் மேளக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போடியில் காலையில் சேர்ந்திருந்த அதே இரண்டு நாயனங்கள்தான். இங்கே சேரவில்லை. இருவரும் ஆதார சட்ஜத்தை நீட்டிப் பிடித்தால், அதன் மேல் ‘வ்வா... வ்வா...’ என்று ஓர் அலை அடித்தது.

“குளிருல சீவாளி வெறச்சிருச்சுங்க. இவன் எறங்கி நிக்கிறான்” என்றார் மூத்தவர்.

ஊதும் நாக்கான சீவாளி மட்டுமல்ல, காற்றும் காரணம். 15 டிகிரி குளிர்ந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 9 மீட்டர் குறையும். குழலின் சுருதியும் இறங்கும். ஊதி ஊதி உலவு என்கிற அந்தக் குழல் சூடேறினால் தானாக மேலே வரும். ஆனால் இரண்டு நாயனங்களும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை.

சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வு விகிதம் 2:3. மேல் சட்ஜத்துக்கு 1:2. ஒரே சுரத்தை இருவர் பிடித்தால் 1:1. இதெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பவர்களை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டு கட்டைச் சட்ஜம் நொடிக்குச் சுமார் 294 அதிர்வு. இன்னொரு நாயனம் 297-இல் நின்றால், ஒலி நொடிக்கு மூன்று முறை பெருத்துச் சிறுக்கும். நான்காம் மடங்கு அதிர்வில் அதுவே 12. நாயனத்தில் இந்த மேல் அதிர்வுகள் பலமானவை என்பதால் சின்னப் பிசகும் காதைக் குத்தும்.

இளையவர் சீவாளியை வாயில் ஊறவைத்து, கெண்டை என்கிற உலோகக் குழாய்மேல் ஒரு மயிரிழை அழுத்திச் செருகினார். குழல் குறுகினால் சுருதி ஏறும். ஊதினார். அலை மெதுவானது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், மறுபடி வேகமெடுத்தது. “ஏறிப்போச்சுடா, வெளிய இழு.” அடிக்குழலின் பிரம்மசுரத் துளைகளில் மெழுகு அடைத்தும் சரிசெய்யலாம், அதைக் கையில் எடுக்கவில்லை.

மின் சுருதிப் பெட்டி பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. குளிர் அதை ஒன்றும் செய்யாது. “அதத் திருகிட்டா போதாதாண்ணே?” என்றேன்.

“பெட்டியத் திருகலாம் தம்பி. மொதல்ல நாங்க ரெண்டு பேரும் சேரணும்ல? அப்புறம் எங்களுக்கு ஏத்தாப்புல பெட்டிய வச்சுக்கலாம்.”

அலை ஒருவழியாக நின்றது. மல்லாரி தொடங்கியதும் பார்த்தேன்: வேகமான பிருகாக்களில் இருவரும் அச்சு அசலாக ஒன்றாய் ஓடவில்லை, அது யாராலும் ஆகாது. அந்தச் சிறு பிசகில்தான் இரட்டை நாயனத்தின் கனமே இருக்கிறது. நீண்ட கார்வையில் நிற்கும்போது மட்டும் அவர்கள் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை.