கடலுக்கு முதுகு காட்டிய தீவு

கடல் வழியாக வருகிறவன் திருடத்தான் வருகிறான் என்று இத்தாலியத் தீவான சார்டினியாவில் ஒரு சொலவடை உண்டு. காரில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு ஒல்பியா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறவர்களுக்கு இது நல்ல வரவேற்பு இல்லைதான். ஆனால் தீவைச் சுற்றச் சுற்ற அந்தச் சந்தேகத்தின் நியாயம் பிடிபட்டது.

பினீசியர், கார்த்தேஜியர், ரோமானியர், பீசாக்காரர், அரகோன் அரசர் என்று இங்கே ஆள வந்த எல்லோரும் கடலில் வந்தவர்களே. போதாக்குறைக்குக் கொள்ளையரும், கரையோரச் சதுப்புகளில் மலேரியாவும். மலேரியா ஒழிந்ததே 1950 வாக்கில்தான். அதனால் சனங்கள் மலைக்குள் ஊர் கட்டிக்கொண்டு ஆடு மேய்த்தார்கள். அல்கேரோவிலிருந்து போசா வரை கரையோரமாகச் சுமார் 45 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் மலைச்சரிவு, வலப்பக்கம் நீலம், மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகு. வழியில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அல்கேரோவை 1354இல் பிடித்த அரகோன் அரசர், கத்தலான்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். பழைய நகரின் தெருப்பலகைகளில் இன்றும் இத்தாலிய மொழியோடு கத்தலானும் இருக்கிறது. போசாவோ கடலை விட்டுச் சற்று உள்ளே, தேமோ ஆற்றங்கரையில் இருக்கிறது. மஞ்சளும் ரோஜாவும் பூசிய வீடுகள் கோட்டையை நோக்கி ஏறுகின்றன. எதிர்க்கரையில் பழைய தோல் பதனிடும் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன.

நினைத்த இடத்தில் கூடாரம் போட இங்கே அனுமதியில்லை. உரிமம் பெற்ற முகாம்களில்தான் தங்க வேண்டும். பைன் மரத்தடியில் முளை அடிக்கும்போது வடமேற்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. மேஸ்த்ராலே காற்று அங்கிருந்துதான் வரும். இரவுச் சாப்பாட்டுக்கு பானே கரசாவ் போதும். அப்பளம்போல மெல்லிசாக, நொறுங்குகிற ரொட்டி. மாதக்கணக்கில் மேய்ச்சலுக்குப் போன இடையர்கள் கெடாமல் கையோடு கொண்டுபோனது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒரு துண்டு வைத்துக் கடித்தால், நறுக்கென்ற சத்தத்துக்குப் பிறகுதான் உப்பு தெரிகிறது.

மலைக்குள்ளே ஓர்கோசோலோவில் வீட்டுச் சுவர்கள்தோறும் அரசியல் ஓவியங்கள். 1969இல் அந்த ஊர் மேய்ச்சல் நிலத்தை இராணுவம் சுடுதளமாக்க முனைந்தபோது, ஊரே திரண்டுபோய் நிலத்தில் உட்கார்ந்துவிட்டது. இராணுவம் பின்வாங்கியது. இவர்கள் கடலோடு மட்டும் பிணங்கியவர்கள் அல்ல.

இப்போது கடல் வழியாக வருகிறவர்கள் நாம்தான். திருட்டும் நின்றபாடில்லை, சரக்குதான் மாறியிருக்கிறது. ஈஸ் அருத்தாஸ் கடற்கரையில் மணல் என்பது வெள்ளையும் இளஞ்சிவப்புமான படிகக் கற்களின் குருணை. கையில் அள்ளினால் விட மனம் வராது. நினைவுக்காகப் புட்டியில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள் பெருகியதால், 2017இல் சட்டம் போட்டு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் வைத்தார்கள். லா பெலோசா கடற்கரையில் கோடைக்காலத்தில் நாளுக்கு 1,500 பேருக்குமேல் விடுவதில்லை. துண்டில் மணல் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் அடியில் பாய் விரித்தே ஆக வேண்டும்.

அதிகப்படியான கெடுபிடி என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனால் கரையோடு திரும்பிவிடாமல் மலையூர்களில் ஓரிரவாவது தங்குங்கள். கூடாரத்தைச் சுருட்டுமுன் பாயையும் செருப்பையும் கரையிலேயே நன்றாக உதறிவிட்டுக் கிளம்புங்கள்.